தொழில் மாற்றமும் திட்டமிடலும்: அந்தமான் நிகோபார் தரும் பாடங்கள்

ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே தொழிலில் நிலைத்திருப்பார் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் நெடுங்காலம் ஆழமாக வேரூன்றியிருந்தது. தந்தை செய்த தொழிலை மகன் ஏற்றான்; வேலையில் அமர்ந்தவர் ஓய்வு பெறும் வரை அதிலேயே இருந்தார். இன்று இந்நிலை மாறிவிட்டது. ஆலைகள் மூடப்படுகின்றன, சட்டங்கள் மாறுகின்றன, இயற்கைச் சீற்றம் ஒரே நாளில் ஒரு தொழிலையே அழித்துவிடுகிறது. முப்பத்தைந்து அல்லது நாற்பது வயதில், குடும்பப் பொறுப்பு மிகுந்திருக்கும் வேளையில், புதிய தொழில் ஒன்றைத் தேட வேண்டிய கட்டாயம் பலருக்கு நேருகிறது.

இத்தகைய மாற்றம் சிலருக்கு நல்வாழ்வைத் தருகிறது. சிலரை வறுமையில் தள்ளுகிறது. இவ்வேறுபாட்டிற்குத் தனிமனிதரின் திறமையும் நல்வாய்ப்பும் ஓரளவே காரணம். மாற்றம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதே பெரும்பாலும் விளைவை முடிவு செய்கிறது. இதை ஆராய விரும்பும் மாணவருக்கும் அலுவலருக்கும் அந்தமான் நிகோபார் தீவுகள் ஒரு திறந்த பாடநூலாக விளங்குகின்றன. 8,249 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 3.8 லட்சம் மக்களும் கொண்ட இந்த யூனியன் பிரதேசத்தில், தொல்குடி மக்கள் நீங்கலாக மற்ற அனைவரும் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லது அவர்களின் வழித்தோன்றல்கள். வந்தவர்களுள் மிகப் பலர், வந்த இடத்தில் தாம் முன்பு அறியாத தொழிலையே மேற்கொண்டனர்.

குடியேற்றத்தின் வரலாறு

1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், முந்தைய ஆண்டின் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டோரைக் கொண்டு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. (2024-இல் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) குறிப்பிட்ட காலம் நன்னடத்தையுடன் இருந்த கைதிகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் சிறைக் கட்டுப்பாட்டிலிருந்து ஓரளவு விடுபட்டு, நிலத்தை உழுதோ கைத்தொழில் செய்தோ தம்மைத் தாமே காத்துக்கொள்ளலாயினர். கைதியாக வந்தவர் உழவராக மாறியதே இத்தீவுகளில் பதிவான முதல் பெரிய தொழில் மாற்றம் எனலாம்.

அடுத்து, காட்டு மரத் தொழிலுக்கு ஆள் தேவைப்பட்டதால், 1918 முதல் சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து பழங்குடித் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். தீவுகளில் இன்றும் 'ராஞ்சி மக்கள்' என அழைக்கப்படும் இவர்கள் மரம் வெட்டுதலிலும் சாலை அமைத்தலிலும் ஈடுபட்டனர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்கள் மாயாபந்தர் அருகே குடியேறினர். நாடு பிரிவினையுற்ற பின், 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அவர்களுள் உழவர்களும் இருந்தனர். உழவுக்குப் புதியவர்களும் இருந்தனர். ஏற்கெனவே நெல் வேளாண்மையில் தேர்ந்திருந்தவர்களுக்கு இடம் மட்டுமே மாறியது, தொழில் மாறவில்லை. மற்றவர்களுக்கு இடமும் தொழிலும் சேர்ந்து மாறின. இரண்டும் ஒரே வேளையில் மாறும்போது சுமை இரட்டிப்பாகிறது என்பது இவ்வரலாற்றின் முதல் பாடமாகும்.

இனி, அண்மைக் காலத்து மூன்று நிகழ்வுகளைச் சற்று விரிவாகக் காண்போம். ஒன்றில் மாற்றம் விரும்பி ஏற்கப்பட்டது. மற்றொன்றில் நாடுகளின் உடன்பாட்டால் சுமத்தப்பட்டது. மூன்றாவதில் நீதிமன்ற ஆணையால் திடீரென வந்தது.

படைவீரர் உழவரானமை

இந்தியாவின் தென்கோடியில், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கடல் வழியே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது பெரிய நிகோபார்த் தீவு. அடர்ந்த மழைக்காடு சூழ்ந்த இத்தீவில், ஷோம்பென், நிகோபாரியர் ஆகிய தொல்குடியினரே வாழ்ந்து வந்தனர். நாட்டின் பாதுகாப்பைக் கருதி இங்கு முன்னாள் படைவீரர்களைக் குடியமர்த்த மத்திய அரசு முடிவு செய்தது. 1969-இல் முதல் குழுவினர் வந்திறங்கினர். தொடர்ந்த ஆண்டுகளில் பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் குடியேறின. குடும்பம் ஒன்றுக்குச் சுமார் 11 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. காம்ப்பெல் விரிகுடாவிலும் அதன் தெற்கே கடற்கரையை ஒட்டியும் கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்னும் ஊர்கள் எழுந்தன. எல்லைப்புறச் சாலை அமைப்பு காட்டினூடே சாலை அமைத்தது.

படைவீரர் இளம் வயதிலேயே பணியிலிருந்து விடுபடுபவர். சிப்பாய் நிலையில் உள்ள பலர் நாற்பது வயதை எட்டுமுன்னரே ஓய்வு பெறுகின்றனர். ஆகவே அவர்களுக்கு இரண்டாம் தொழில் என்பது விருப்பத்தைச் சார்ந்ததன்று, இன்றியமையாத தேவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுகுடியமர்த்தலுக்கென்றே ஒரு தலைமை இயக்ககம் இயங்கி வருவது இதனாலேயாம்.

பெரிய நிகோபாரில் குடியேறியவர்களுக்கு மூன்று சாதகங்கள் இருந்தன. முதலாவது, ஓய்வூதியம். நிலம் பலன் தராத காலத்திலும் வீட்டில் அடுப்பு எரிவதற்கு அது உறுதியளித்தது. இரண்டாவது, படையில் பெற்ற கட்டுப்பாடும், கடுமையான சூழலில் வாழும் பயிற்சியும், வண்டி பழுது பார்த்தல், கட்டுமானம், முதலுதவி போன்ற கைத்திறன்களும். மூன்றாவது, ஒரே பின்னணி கொண்டோர் கூட்டமாகக் குடியேறியதால் கிடைத்த பரஸ்பர உதவி.

பாதகங்களும் இருந்தன. கோதுமையும் கரும்பும் விளையும் சமவெளியில் பிறந்தவருக்கு, ஆண்டின் பெரும்பகுதி மழை பொழியும் மழைக்காட்டு மண் முற்றிலும் புதியது. அறுத்த நெல்லை உலர்த்துவதே அங்குப் பெரும்பாடு. நாளடைவில் தென்னையும் கமுகும் முந்திரியுமே அத்தீவுக்கு ஏற்றவை என்பது அனுபவத்தால் தெளிவாயிற்று. ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். கமுகுக்கும் ஏறத்தாழ அதே காலம் தேவை. விளைந்த பொருளை விற்கக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். குரங்குகளும் காய்களை அழித்தன. தீவுகளுக்கான மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போர்ட் பிளேரில் 1978-இல்தான் நிறுவப்பட்டது. முதலில் குடியேற்றமும் பின்னர் ஆராய்ச்சியும் என்னும் இவ்வரிசை தலைகீழானது என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ள வேண்டும். எந்தப் பயிர் தேறும் என்னும் சோதனையைக் குடியேறியவர்கள் தம் சொந்தச் செலவிலேயே செய்ய நேர்ந்தது. மேலும், காடு அழிக்கப்பட்ட இடம் ஷோம்பென் மக்களும் நிகோபாரியரும் பயன்படுத்தி வந்த நிலப்பரப்பின் பகுதி என்பதையும் மறத்தலாகாது. ஒருவருக்குத் தொழில் தரும் திட்டம் மற்றொருவரின் வாழ்வாதாரத்தைக் குறைக்குமாயின், அச்செலவும் திட்டக் கணக்கில் இடம்பெற வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டு உழைப்பால் மரங்கள் முழுப் பலன் தந்துகொண்டிருந்த வேளையில், 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கடற்கரை ஓரத் தோட்டங்கள் நீரில் மூழ்கின. உயிர் பிழைத்தோர் காம்ப்பெல் விரிகுடாவின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். உழவரான படைவீரர்களும் அவர்தம் மக்களும் கூலி வேலை, கடை, அரசுப் பணி என மூன்றாம் முறையாகத் தொழில் தேட நேர்ந்தது. இம்முறை ஓய்வூதியம் பெறுபவர் உயிருடன் இருந்த குடும்பங்களே முதலில் தலைநிமிர முடிந்தது என்பதில் வியப்பில்லை. நிலத்தையே முழுதும் நம்பியிருந்த இரண்டாம் தலைமுறைக்கு அத்தகைய ஊன்றுகோல் இல்லை.

மலையகத் தொழிலாளர் கண்ட இருவேறு வழிகள்

1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளித் தொழிலாளருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமின் வழியே தமிழகம் வந்த இம்மக்களுள் பெரும்பாலோர் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலும் தவிர வேறு தொழிலை அறியாதவர்கள்.

இவர்களுக்கு இரு வகையான மறுவாழ்வு அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சிறு வணிகம் தொடங்கக் கடன் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குத் தோட்டங்களிலேயே வேலை தரப்பட்டது. நீலகிரியில் 1968-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்ற திட்டமும், கருநாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் அமைந்த ரப்பர்த் தோட்டங்களும், நிகோபார்க் கூட்டத்தின் கச்சால் தீவில் அமைந்த ரப்பர்த் தோட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

விளைவு என்ன? கணக்கு வழக்கும், சரக்குக் கொள்முதலும், வாடிக்கையாளர் பழக்கமும் அறியாதவர் கையில் கொடுக்கப்பட்ட வணிகக் கடன் பல குடும்பங்களில் சில மாதங்களிலேயே உணவாகவும் மருந்தாகவும் கரைந்தது. கடனை இழந்தோர் பலர் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் சென்று, எஸ்டேட்டுகளிலும் காட்டு வேலையிலும் கூலிகளாயினர். ஆனால் தோட்டங்களில் அமர்த்தப்பட்டோர், கூலி குறைவாயினும், நிலையான வேலை பெற்றனர். தேயிலையிலிருந்து ரப்பருக்கு மாறுவது சிறிய மாற்றமே. விடியற்காலையில் எழுந்து, பட்டையைக் காயப்படுத்தாது கத்தியை ஓட்டிப் பால் வெட்டும் நுட்பத்தைச் சில வாரங்களில் கற்கலாம். தோட்ட ஒழுங்கு, நாட்சம்பள முறை, லயன் வாழ்க்கை ஆகியவை முன்பே பழகியவை.

இதிலிருந்து பெறப்படும் கருத்து தெளிவானது. பழைய தொழிலுக்கும் புதிய தொழிலுக்கும் உள்ள இடைவெளி குறுகியதாக இருக்கும்போது மாற்றம் எளிதாகிறது. இடைவெளி அகன்றதாயின், அதை நிரப்பப் பயிற்சி வேண்டும். பயிற்சியின்றிப் பணம் மட்டும் கொடுப்பது பயன் தராது. எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பழகிய தொழிலுக்குள்ளேயே ஒருவரை நிறுத்துவது உடனடிப் பாதுகாப்பு தரும். ஆனால் அடுத்த தலைமுறையையும் அதே வரிசை வீட்டில் நிறுத்திவிடக் கூடும். கச்சாலில் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கே தோட்டத்துக்கு வெளியே வாழ்வு திறந்தது. 2004-இல் கச்சால் தீவு ஆழிப்பேரலையின் மிகக் கொடிய தாக்குதலுக்கு உள்ளானது என்பதை நினைக்கும்போது, ஒரே தீவையும் ஒரே பயிரையும் நம்பியிருந்த வாழ்வின் நொய்ம்மை புலப்படும்.

மரத்தொழில் முடிவுற்றபோது

அந்தமானில் வனத்துறையும் சாத்தம் மர அறுவை ஆலையும் 1883-இல் தொடங்கின. படாக் முதலிய உயர்ந்த மரங்கள் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. நாட்டு விடுதலைக்குப் பின் தனியார் துறையில் ஒட்டுப்பலகை ஆலைகளும் தீக்குச்சித் தொழிலும் வளர்ந்தன. 1977-இல் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் ஒன்றும் அரசுத் துறையில் நிறுவப்பட்டது. மரம் வெட்டுவோர், யானைப் பாகர், படகோட்டிகள், ஆலைத் தொழிலாளர், கணக்கர் என ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலைச் சார்ந்திருந்தன.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் வனங்களைக் காக்கக் கோரி 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கு, நாட்டின் வனங்கள் அனைத்தையும் தழுவியதாக விரிந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2001 அக்டோபரில் தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் நிறுத்தி வைக்கப்பட்டது. சேகர் சிங் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையைப் பெற்ற நீதிமன்றம், 2002-ஆம் ஆண்டு மே 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தது. தொல்குடியினர் காப்பிடங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டத் தடை, தீவுகளுக்கு வெளியே மரம் அனுப்பத் தடை, உள்ளூர்த் தேவைக்கு மட்டும் கட்டுப்பாடான வெட்டு என்பன அதன் சாரமாகும். காடுகளையும் அரிய உயிரினங்களையும் காக்க இவ்வாணை பேருதவி புரிந்தது. அதே வேளையில் ஏற்றுமதியை நம்பியிருந்த மரத்தொழில் முடிவுக்கு வந்தது. சாத்தம் ஆலை உள்ளூர்த் தேவைக்கான மரத்தை அறுக்கும் அளவில் நிலைத்தது. வளர்ச்சிக் கழகம் தொடர்ந்து நட்டமடைந்து, 2017-இல் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இம்மாற்றம் எதிர்பாராத இடியா? அன்று. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே, வனத்தின் முதன்மைப் பயன் சூழல் சமநிலையைக் காப்பதே என்றும், பொருள் ஈட்டுவது அதற்குக் கீழ்ப்பட்டதே என்றும் அறிவித்துவிட்டது. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளைத் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறியது. அதாவது, தடை வருமுன் பதின்மூன்று ஆண்டுகள் முன்னறிகுறி இருந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பகுதித் தொழிலாளர்க்கேனும் மாற்றுப் பயிற்சி அளித்திருந்தால், 2002-ஆம் ஆண்டின் சுமை பெரிதும் குறைந்திருக்கும்.

ஆலை மூடப்பட்டபோது எல்லாத் தொழிலாளரும் ஒரே நிலையில் இல்லை. மின்வினைஞர், இயந்திரம் பழுது பார்ப்போர், வண்டியோட்டிகள், தச்சர் ஆகியோரின் திறன் எங்கும் விலைபோகக் கூடியது. மரம் வெட்டும் இடத்தில் அடிமரத்தை உருட்டவும், யானையைக் கொண்டு இழுக்கவும், மரத்தின் தரம் பிரிக்கவும் மட்டுமே அறிந்தவரின் திறன், அத்தொழில் மறைந்தவுடன் விலையற்றதாயிற்று. 2004-க்குப் பின் நிகழ்ந்த மறுகட்டுமானப் பணிகள் பலருக்குக் கூலி வேலை அளித்தன. ஆயினும் அது சில ஆண்டுகளில் முடியும் வேலை. சுற்றுலா வளர்ச்சி ஓட்டல், படகு, வாடகை வண்டி, வழிகாட்டி என்னும் புதிய தொழில்களைத் தந்தது. ஆனால் 2020-இல் கொரோனா ஊரடங்கால் பயணிகள் வரவு முற்றிலும் நின்றபோது, மரத்திலிருந்து சுற்றுலாவுக்கு மாறியோர் மீண்டும் வருவாய் இழந்தனர். ஒன்றை முழுதும் நம்பியதிலிருந்து மற்றொன்றை முழுதும் நம்புவதற்கு மாறுவது முழுமையான தீர்வன்று.

மாற்றத்தின் உண்மைச் செலவு

பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், கல்வியும் பயிற்சியும் ஒருவகை முதலீடே என 1960-களின் தொடக்கத்தில் விளக்கினார். பயிற்சியின் செலவு என்பது கட்டணம் மட்டுமன்று. பயிலும் காலத்தில் இழக்கும் வருவாயும் அதில் அடங்கும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. கேரி பெக்கர் மேலும் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத் திறன் ஒன்று. குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் தனித் திறன் மற்றொன்று. மேலே கண்ட ஆலைத் தொழிலாளரின் வேறுபட்ட நிலையை இக்கருத்து நன்கு விளக்குகிறது.

இதை ஒரு கற்பனை உதாரணத்தால் காண்போம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு ரூ.12,000 என்றும், ஓய்வூதியம் முதலிய உறுதியான வருவாய் ரூ.7,000 என்றும் கொள்வோம். மாதந்தோறும் ரூ.5,000 பற்றாக்குறை. குடும்பத்தலைவர் தென்னந்தோப்பு அமைக்கிறார். பலன் தரும் வரை ஆறு ஆண்டுகள், அதாவது 72 மாதங்கள் காத்திருக்க வேண்டும். மொத்தப் பற்றாக்குறை ரூ.3,60,000 ஆகிறது. தோப்பு அமைக்கும் செலவு இதற்குப் புறம்பானது.

இப்போது, இரண்டாம் ஆண்டு முதல் வாழை, இஞ்சி, காய்கறி முதலிய ஊடுபயிரால் மாதம் சராசரி ரூ.3,000 நிகர வருவாய் வருவதாகக் கொள்வோம். 60 மாதங்களில் ரூ.1,80,000 கிடைக்கும். பற்றாக்குறை பாதியாகக் குறைந்து ரூ.1,80,000 ஆகிறது. ஊடுபயிர் வருவாய் எதிர்பார்த்ததில் பாதியே வந்தால், பற்றாக்குறை ரூ.2,70,000 ஆகும். எதிர்பார்த்தபடி வந்தும் தென்னை ஓராண்டு தாமதமாகக் காய்த்தால், மேலும் ரூ.24,000 தேவைப்படும். கையிருப்பு ரூ.1,80,000 மட்டுமே உள்ளவர் இம்முயற்சியில் இறங்கினால், சிறு தடையும் அவரைக் கடனாளியாக்கும். ரூ.3,00,000 உள்ளவர் அதைத் தாங்குவார். இருவரின் உழைப்பும் திறமையும் ஒன்றேயாயினும் முடிவு வேறாகும். தொழில் மாற்றத்தில் தோல்வியுற்றோரை 'முயற்சி போதாதவர்' எனக் கூறுவதற்கு முன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

திட்டமிடும் முறை

மேற்கூறிய நிகழ்வுகளிலிருந்து தொழில் மாற விரும்புவோர்க்கும், அவர்க்குத் துணைபுரியும் அலுவலர்க்கும் சில நெறிகள் கிடைக்கின்றன.

1. முன்னறிகுறிகளைக் கவனித்தல்: தம் தொழிலைப் பாதிக்கக் கூடிய கொள்கை, சட்டம், சந்தை, மூலப்பொருள் ஆகியவற்றில் நிகழும் மாறுதல்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆராய வேண்டும். வேலை இருக்கும்போதே தொடங்கும் ஆயத்தம், வேலை போனபின் தொடங்குவதைவிடக் குறைந்த செலவுடையது.

2. திறன்களைப் பட்டியலிடுதல்: பதவியின் பெயரை எழுதாது, அன்றாடம் செய்யும் செயல்களை எழுத வேண்டும். 'ஆலைத் தொழிலாளி' என்பது பதவி. 'மோட்டாரைப் பிரித்துச் சீர்செய்தல்' என்பது திறன். இவற்றுள் வேறிடத்தும் பயன்படுபவை எவை எனப் பிரித்தறிய வேண்டும்.

3. இடைவெளியை அளத்தல்: புதிய தொழிலுக்குத் தேவையான திறன்களுக்கு எதிரே தம் பட்டியலை வைத்து ஒப்பிட வேண்டும். குறைவது ஒன்றிரண்டாயின் குறுகிய பயிற்சி போதும். பெரும்பாலானவை குறையுமாயின், இடையே ஒரு படித்தொழிலைத் தேர்ந்து, இரண்டு கட்டமாக மாறுவது மேல்.

4. சிறு அளவில் சோதித்தல்: ஒரு பருவம், ஓர் ஏக்கர், ஒரு விடுமுறைக் காலம் எனச் சிறிய அளவில் செய்து பார்த்தபின் முழுதும் இறங்க வேண்டும். இடமும் தொழிலும் ஒன்றாக மாறுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும்.

5. காத்திருப்புக் கணக்கு: புதிய தொழில் வருவாய் தரும் வரை ஆகும் செலவையும், அதற்கான வழியையும் தாளில் எழுத வேண்டும். வருவாயைப் பாதியாகவும் காலத்தைக் கூடுதலாகவும் வைத்து மீண்டும் ஒருமுறை கணக்கிட வேண்டும். இக்கணக்கில் குடும்பத்தார் அனைவரும், குறிப்பாக வீட்டுச் செலவை நடத்தும் பெண்கள், பங்கு கொள்வது இன்றியமையாதது.

6. ஒன்றையே நம்பாதிருத்தல்: தோப்புடன் கோழி வளர்ப்பு, சுற்றுலாப் படகுடன் மீன்பிடிப்பு என இணைத் தொழில் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது தீவு வாழ்வில் காப்பீட்டுக்கு ஒப்பாகும்.

அரசின் கடமை

தனிமனிதர் எத்துணை முன்யோசனையுடன் இருப்பினும், அவரால் செய்ய இயலாதவை சில உண்டு. எந்தப் பயிர் எந்த மண்ணில் தேறும் என்பதைக் குடியேற்றத்திற்கு முன்னரே ஆராய்வது, சந்தைக்குக் கப்பல் வசதி செய்வது, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை அளிப்பது ஆகியவை அரசின் பொறுப்புகள். கடன் கொடுத்ததுடன் கோப்பை மூடாது, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பயனாளியின் நிலையைத் தொடர்ந்து கண்காணிப்பதும் தேவை. கொள்கை மாற்றத்தால் ஒரு தொழில் நிறுத்தப்படும்போது, மாற்றத்தின் நன்மையைச் சமுதாயம் முழுவதும் பெறுகிறது. இழப்பையோ ஒரு சிறு பிரிவினரே ஏற்கின்றனர். அந்தமான் காடுகள் காக்கப்பட்டதால் நாடு பயனடைந்தது. மரம் வெட்டியவரின் குடும்பம் அதன் விலையைச் செலுத்தியது. இவ்விலையில் பங்கேற்பது சமுதாயத்தின் கடன்.

இப்பாடங்கள் இன்று மீண்டும் சோதனைக்கு உள்ளாகின்றன. பெரிய நிகோபாரில் கலாதியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. காடு, கடலாமைகள், தொல்குடியினர் உரிமை ஆகியவை பற்றி எழுந்துள்ள வினாக்கள் விரிவாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய வினா மற்றொன்றும் உண்டு. 1969-இல் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கலப்பையை எடுத்தவரின் பேரப்பிள்ளைகளும், ஆழிப்பேரலையில் தென்னந்தோப்பை இழந்த நிகோபாரியரும், மீண்டும் ஒரு தொழில் மாற்றத்துக்கு ஆளாவார்களாயின், அதற்கான பயிற்சி எப்போது தொடங்கும்? எந்தத் தொழிலை ஏற்பது, அல்லது தம் பழைய வாழ்க்கை முறையிலேயே நிலைப்பது என்பதை முடிவு செய்வதில் அவர்களுக்கு எத்துணைப் பங்கு இருக்கும்?

முதல் துறைமுகத் தூண் நடப்படும் முன்னரே இவ்வினாக்களுக்கு விடை காணப்பட வேண்டும். குடியேற்றத்துக்குப் பின் ஆராய்ச்சி, தடைக்குப் பின் பயிற்சி, பேரிடருக்குப் பின் நிவாரணம் என்னும் பழைய வரிசையை மாற்றி, ஆயத்தத்தை முன்னே வைப்பதே இத்தீவுகளின் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் நமக்குக் கற்பிக்கும் திட்டமிடலாகும்.